ஓட்டையை அடைத்தாலும் அடங்காத படபடப்பு

இதயத்தில் ஓட்டை என்றதும் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பள்ளி மருத்துவ முகாம்கள் இன்று அவர்களில் பலரைக் கண்டுபிடித்துவிடுகின்றன. முகாம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் படித்துவிட்டு, ராசிபுரத்தில் தறியோ நாமக்கல்லில் லாரியோ ஓட்டி நாற்பதைத் தாண்டியவர்களை யார் பார்த்தார்கள்? மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டையோடு பிறந்தவருக்குப் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. படியேறினால் மூச்சு வாங்கும். ரத்தசோகை என்று சத்து மாத்திரையோடு முடிந்துவிடும்.

அதற்குள் இடப்பக்க ரத்தம் ஓட்டை வழியே பாய்ந்து பாய்ந்து வலது மேலறை பெருத்துவிடுகிறது. இழுபட்டுத் தழும்பேறிய தசையில் மின்னோட்டம் தடுமாறுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்க வேண்டிய மேலறை, 350 முறைக்கு மேல் நடுங்கலாம். தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இந்த நிலைக்கு வந்தபின் ஓட்டையை மட்டும் அடைத்தால் தாளம் பெரும்பாலும் திரும்பாது. தசை மாறியது மாறியதுதான்.

1987-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் ஒரு வழி கண்டார். மேலறையைக் குறிப்பிட்ட கோடுகளில் வெட்டி, திரும்பத் தைத்தார். 'மேஸ்' அறுவை என்று பெயர். ஆறிய தழும்பை மின்னோட்டம் தாண்டாது. மேட்டூர் வாய்க்கால் தண்ணீரை வரப்பு கட்டி மடை வழியே விடுவதுபோல, சுற்றிச் சுற்றி வந்த மின்னலை ஒரே வழியில் கீழறைக்கு இறங்குகிறது. வெட்டித் தைக்க நேரமாகும், ரத்தம் கசியும் என்பதால், இன்று சூட்டாலோ கடுங்குளிராலோ அதே கோடுகளைப் போடுகிறார்கள். கட்டிகள் அதிகம் உருவாகும் இடது மேலறையின் ஓரப்பையையும் அடைத்துவிடுவார்கள்.

சிறுவயதில் ஃபாலோ குறைபாடு என்ற பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் சிக்கல் வேறு. வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய அறுவை 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால், நம்மூரிலும் அப்படிப் பிழைத்து வளர்ந்தவர்கள் உண்டு. பழைய தையல் தழும்பைச் சுற்றியே மின்னோட்டம் வட்டமடிக்கும். கீழறையில் வட்டமடித்தால் உயிருக்கே ஆபத்து. இவர்களில் பலருக்குப் பின்னாளில் நுரையீரல் வால்வை மாற்ற வேண்டிவரும்; அதற்காக நெஞ்சைத் திறக்கும்போதே அந்த வட்டத்தையும் துண்டித்துவிடலாம்.

துடிப்பு சீராக இருந்து, மேலறை ஓட்டையின் இடமும் அளவும் தோதாக அமைந்தால் நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். தொடை ரத்தக்குழாய் வழியே கருவி செலுத்தி அடைத்துவிடலாம். படபடப்பு உள்ளவர் அவசரப்படக் கூடாது. கருவி உட்கார்ந்தபின் இடது மேலறைக்குள் கம்பி செலுத்திச் சிகிச்சை செய்வது கடினம். எக்கோவோடு, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் சோதனையும் முடிந்தபிறகு நாள் குறிப்பதே சரி. மேஸுக்குப் பின் சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும் என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.