நமக்கெதற்கு இந்த வம்பு என்று ஒதுங்கிவிடலாமா?



கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரை அடுத்து, திருமழபாடி என்றோர் ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை தஞ்சை மாவட்டம். இக்கரை அரியலூர் மாவட்டம். 1995ஆம் ஆண்டு வரை இவ்வூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் பெரம்பலூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சில் அம்மாவட்டம் கலைக்கப்பட்டு மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் அரியலூர் மாவட்டம் பிறந்தது. அந்த ஊரில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு எழாமலேயே பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறார்!

ஒரு சான்றிதழுக்காக எந்த ஊருக்குப் பேருந்து ஏறுவது, ஒரு முறையீட்டை எந்த ஆட்சியரிடம் கொண்டு செல்வது என்பதெல்லாம் இதில் அடங்கியிருந்தன. அரசியலில் எனக்கு ஆர்வமில்லை என்று அவர் சொல்லியிருந்தாலும் இம்மாற்றங்கள் அவரை விட்டுவைத்திருக்கமாட்டா. நாம் அரசாங்கத்தைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம். அரசாங்கம் நம்மைப் பற்றி முடிவெடுக்காமல் இருப்பதில்லை.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும் இளைஞர்கள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், நாம் பேசி என்ன ஆகப்போகிறது?" என்பார்கள். பெற்றோர்கள் கேட்பது வேறு: "படிக்கிற பிள்ளை, நாளை வெளிநாடு போகவேண்டியவன், அவனுக்கு எதற்கு இந்த வம்பு?" முன்னது சலிப்பு, பின்னது அச்சம். இரண்டையும் ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. இரண்டுக்கும் காரணங்கள் இருக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. முடிவெடுக்கப்படும் இடத்தில் நம் பிள்ளைகள் இருப்பதில்லை; முடிவு வந்தபின் தேநீர்க் கடையிலும் செல்பேசியிலும் கொதிக்கிறார்கள்.

முதலில் சலிப்பை எடுத்துக்கொள்வோம். திருமழபாடி மக்கள் வாக்களிப்பது அரியலூர் சட்டமன்றத் தொகுதியில். மக்களவைக்குச் சிதம்பரம் தொகுதியில். (கொள்ளிடக் கரையில் வாழ்பவருக்குக் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம் எப்படித் தொகுதியாயிற்று என்று வியக்கவேண்டாம், எல்லை வகுப்பதும் ஓர் அரசியல் முடிவுதான்.) 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 3,219 வாக்குகள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய பெரும்பரப்பில் இவ்வளவே! 2016 சட்டமன்றத் தேர்தலில் அரியலூரில் வேறுபாடு சுமார் இரண்டாயிரம். 2021இல் மூவாயிரத்து இருநூறுக்குச் சற்று மேல். யார் வென்றார், எந்தக் கட்சி தோற்றது என்பது இங்கு நம் பேச்சன்று. ஒரு தொகுதியின் சில ஊர்களிலுள்ள கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து போனாலும் போகாவிட்டாலும் முடிவு மாறக்கூடிய அளவு அது என்பதே நாம் சொல்ல வந்தது.

அச்சத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் நம் நபி (ஸல்) அவர்களின் இளமைக் காலத்தை நினைவூட்டவேண்டும். நபித்துவம் கிடைப்பதற்கு முன், அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயது. ஸபீத் என்ற யமன் நாட்டு ஊரிலிருந்து மக்காவுக்கு வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட குறைஷித் தலைவர் ஒருவர் விலையைக் கொடுக்க மறுத்தார். அந்நியருக்கு ஆதரவாக யார் வருவார்? அவர் கஅபாவின் அருகே நின்று முறையிட்டார். அதைக் கேட்ட சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று வரலாறு கூறும் அந்த அவையில் அந்த இருபது வயது இளைஞரும் இருந்தார். பின்னாளில் மதீனாவில் ஆட்சித் தலைவராக இருந்தபோதும், இஸ்லாத்திலும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்ற கருத்தை அவர்கள் வெளியிட்டதாக அறிவிக்கப்படுகிறது.

கவனியுங்கள். அந்த அவையில் இருந்தோர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். பேசப்பட்டது மார்க்கப் பிரச்சினையும் அன்று. ஒரு வியாபாரியின் பாக்கி. பொது நியாயம் என்ற ஒன்றுக்காகப் பலரோடும் சேர்ந்து உட்காரும் இடம் அது. இன்று ஊராட்சியும் சட்டமன்றமும் பாராளுமன்றமும் அத்தகைய இடங்களே. நம் சமுதாயப் பிரச்சினை வந்தால் மட்டும் அங்கே போய் நிற்போம், தண்ணீருக்கும் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மற்றவர் பேசட்டும் என்றிருந்தால், நம் முறை வரும்போது நம்மோடு நிற்பவர் யார்?

"பேசினோம், தோற்றோம், பயன் என்ன?" என்பார் உண்டு. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைப் பார்ப்போம். இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராயிருந்த அவர், 1948 நவம்பரில் பொதுச் சிவில் சட்டம் பற்றிய விவாதத்தின்போது, எந்த மக்களும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக்கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. தனித்தொகுதி பற்றிய அவருடைய கருத்தும் ஏற்கப்படவில்லை. தோற்ற மனிதர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. 1952 முதல் மாநிலங்களவையிலும், பின்னர் 1962, 1967, 1971 தேர்தல்களில் வென்று மக்களவையிலும் இருந்தார். அவருடைய அந்தத் தோற்றுப்போன உரை சபைக் குறிப்புகளில் அச்சாகி இருக்கிறது. 2023 ஜூனில் சட்ட ஆணையம் பொதுச் சிவில் சட்டம் குறித்து மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் அவ்விவாதத்தின் பக்கங்களைத்தான் மீண்டும் புரட்டினர். அவையில் சொல்லப்பட்ட சொல் பதிவாகிறது. திண்ணையில் சொன்னது காற்றோடு போய்விடுகிறது.

இனி அரியலூர் மாவட்டத்துக்கே திரும்புவோம். செந்துறை வட்டத்துக் குழுமூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த மாணவி அனிதா. கூலித் தொழிலாளியின் மகள். பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படையில் என்றானபோது, 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டார். கிராமத்துப் பிள்ளை டெல்லி வரை சென்று வாதாடியது! நீதிமன்ற உத்தரவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி நாட்டை உலுக்கியது.

பெற்றோர்களே, இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதை முடித்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் அனுமதியில்லை. எந்தப் பிள்ளையும் அவ்வழியைப் பார்க்கக்கூடாது. மனம் சோர்ந்து தனித்திருக்கும் பிள்ளையிடம் தேர்வு முடிவைப் பற்றிப் பேசாமல், முதலில் அருகில் போய் உட்காருங்கள். தேவையானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் அந்த மாணவியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முடிவையன்று; உயிரோடிருக்கையில் நீதிமன்றப் படியேறிய அந்தத் துணிவை.

அதன்பின் நடந்தவற்றை நம் இளைஞர்கள் கோத்துப் பார்ப்பது அவசியம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டே ஏறத்தாழ நானூறு இடங்கள் அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையில் குழு அமைந்தபோது 86,000க்கும் மேற்பட்டோர் தம் கருத்துகளை எழுதி அனுப்பினர். அக்குழுவின் அறிக்கையை வைத்து 2021 செப்டம்பரில் விலக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் மாநில அரசு அறிவித்தது. இடையில், 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கம் ஒன்று அம்மாணவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் வெற்றியும் இருக்கிறது, தோல்வியும் இருக்கிறது. நீட் வேண்டும் என்பாரும் இந்நாட்டில் உண்டு. அவர்களுக்கும் வாதங்கள் உண்டு. இளைஞர்கள் இரு தரப்பையும் படிக்கட்டும். மாநில மசோதா ஒன்று ஏன் டெல்லிக்குப் போகவேண்டும், பொதுப்பட்டியல் என்றால் என்ன, ஆளுநருக்கு என்ன அதிகாரம் என்று ஒரு பிள்ளை இந்த ஒரு கதையைக் கொண்டே அரசியல் சாசனத்தின் பாதியைக் கற்றுக்கொள்ளலாம்.

வக்ஃபு திருத்தச் சட்டத்திலும் இதையே கண்டோம். 2024 ஆகஸ்டில் அமைந்த பாராளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு நாடெங்கிலுமிருந்து தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் சென்றன. ஆயினும் 2025 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. மனம் நொந்தது உண்மை. ஆனால் ஐந்தாண்டு மார்க்கத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனை, தொடக்கம் முதலே ஆட்சேபிக்கப்பட்ட ஒன்று, 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்நாட்களில் பலர் செய்தது, யாரோ எழுதிய ஒரே மடலை விரலால் தொட்டு அனுப்பியதுதான். ஆயிரம் பேர் அனுப்பிய ஒரே மடலைவிட, தன் ஊர்ப் பள்ளிவாசல் நிலத்தின் புல எண்ணையும் ஆவணத்தின் ஆண்டையும் குறிப்பிட்டு ஒரு மாணவன் சொந்தமாக எழுதும் ஒரு பக்கம் கனமானது என்பது எமது கருத்து. அந்தப் பக்கத்தை எழுத அவன் முத்தவல்லியிடம் போய்ப் பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லவேண்டும். அதுவே நல்ல பயிற்சி.

எங்கிருந்து தொடங்குவது? வாக்காளர் பட்டியலிலிருந்து. 1989 முதல் வாக்களிக்கும் வயது 18. முன்பு ஜனவரி முதல் தேதியன்று வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றிருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் இருப்பவருக்குப் படிவம் 6ஏ உண்டு. ஆனால் வாக்களிக்க நேரில் வரவேண்டும். 2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு எனக் காரணங்கள் கூறப்பட்டன. காரணம் எதுவாயினும், தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவரவர் கடமை. மருமகளாய் வந்த பெண்ணின் பெயர் தாய்வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை என்ற நிலை நம் வீடுகளில் உண்டு.

இதை வாக்குக்காக மட்டும் சொல்லவில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே கிராம சபையின் உறுப்பினர். பெயர் இல்லையேல் அங்கே கை உயர்த்தும் உரிமையும் இல்லை. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடவேண்டும். கொள்ளிடக் கரை ஊர்களுக்கு மணலும் தண்ணீரும் உயிர்ப் பிரச்சினை. ஆற்றில் மணல் அள்ளினால் கிணற்றில் நீர் இறங்கும் என்பதை அவ்வூர் விவசாயிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் நாளை ஆட்சியர் முன்னும் நீதிமன்றத்திலும் காட்ட முடியும். பட்டம் படித்த பிள்ளை அங்கே போய்ப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. தீர்மானத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தாலே ஊருக்குச் செய்யும் பெரிய உபகாரம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள், உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்ட மாநிலம் இது. 21 வயதானால் அவர்களே போட்டியிடலாம்.

சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டும். சண்டையாக அன்று, மரியாதையாக. விடை கிடைக்கவில்லையெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்பினால் முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தபால் அலுவலகம் தரும் ரசீது வேண்டும். பலரும் அதைத்தான் தொலைத்துவிடுகிறார்கள்.