கிஃப்ட் (சொல்)

கிஃப்ட் என்பது ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பல மொழிகளில் வழங்கும் ஒரு சிறு சொல் ஆகும். எழுத்துக்கூட்டல் ஒன்றாகவே இருப்பினும் பொருள் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் இது அன்பளிப்பையும், ஜெர்மனில் நஞ்சையும் குறிக்கும். சுவீடிய, டேனிய, நோர்வீஜிய மொழிகளில் "நஞ்சு", "திருமணமான" என்னும் இரு பொருள்களும் உண்டு. மொழி கற்போரை ஏமாற்றும் இத்தகைய சொற்கள் "போலி நண்பர்கள்" எனப்படுகின்றன. ஜெர்மானியக் கடையொன்றில் இச்சொல் பொறித்த பெட்டியைப் பரிசுப்பொருள் என்று எண்ணி எடுப்பவர் கையில் எலி மருந்து இருக்கக்கூடும்.

பொது மூலம்

இவை அனைத்தும் "கொடு" என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்தவை. "கொடுத்தல், கொடுக்கப்பட்டது" என்பதே முதற்பொருள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் பொருளையும், பன்மையில் திருமணத்தையும் குறித்தது. அப்போது முதலெழுத்து யகரம் போல ஒலித்தது. இன்றைய ககர ஒலியும் அன்பளிப்பு என்னும் பொதுப்பொருளும் வைக்கிங்குகளின் பழைய நோர்சு மொழித் தாக்கத்தால் வந்தவை. ஸ்காண்டிநேவிய மொழிகளில் பெண்ணைக் "கொடுத்தல்" என்ற கருத்தே "திருமணமான" என்ற பொருளாக நிலைத்தது. பெண் கொடுத்தல் என்று தமிழிலும் கூறுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

நஞ்சு ஆனது எவ்வாறு?

கிரேக்க மொழியில் "டோசிஸ்" என்றால் கொடுத்தல் என்று பொருள். மருத்துவர்கள் இதனை, நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவுக்குப் பயன்படுத்தினர். இலத்தீன் வழியே இச்சொல்லை அறிந்த ஜெர்மானியர் அதே கருத்தைத் தம் சொல்லால் வழங்கினர் என்பது மொழியியலாளர் பலரின் விளக்கம். கொடுக்கப்பட்ட மருந்து, நாளடைவில் கொல்லும் மருந்தாயிற்று. நஞ்சை நேரே கூறத் தயங்கும் மங்கல வழக்கும் இதற்குத் துணைபுரிந்தது. கொடிய நச்சுப்பாம்பைத் தமிழர் "நல்ல பாம்பு" என்பதும் இவ்வகையினதே. பிரெஞ்சு மொழியில் நஞ்சைக் குறிக்கும் "புவாசோன்" என்ற சொல்லும், பானம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும்.

இம்மாற்றத்தால் நஞ்சுக்குரிய பழைய ஜெர்மானியச் சொல் இடம் இழந்தது. ஐஸ்லாந்திய மொழியில் "எய்தூர்" என்ற வடிவில் அது இன்றும் நஞ்சையே குறிக்கிறது. ஜெர்மனிலோ "ஐட்டர்" எனத் திரிந்து, புண்ணில் வடியும் சீழைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எஞ்சிய தடயங்கள்

ஜெர்மனில் பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை. மணமகள் கொண்டுவரும் சீர்ப்பொருள் "மிட்கிஃப்ட்" எனப்படும். "உடன் கொடுப்பது" என்பது இதன் நேர்ப்பொருள். இது பெண்பாற்சொல், நஞ்சைக் குறிப்பதோ அஃறிணைப்பால். டச்சு மொழி வடிவத்தாலேயே இவற்றைப் பிரித்துக்கொண்டது: "கிஃப்ட்" நன்கொடை, "கிஃப்" நஞ்சு (டச்சில் முதலெழுத்து தொண்டையிலிருந்து உரசி ஒலிக்கும்).

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924 இல் இவ்விரு பொருள்களைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானியரிடையே கொடை என்பது பெறுபவரைக் கடன்பட்டவராக்கிக் கட்டிப்போடுவது. எனவே அதனை ஏற்பதில் மகிழ்ச்சியுடன் அச்சமும் கலந்திருந்தது என்பது அவர் கருத்து. இது கொடை பற்றிய சமூக விளக்கமேயன்றி, மேற்கூறிய சொற்பிறப்பு விளக்கத்துக்கு மாற்றாகாது.