ஊசியின்றிச் சர்க்கரை அளத்தல்

நீரிழிவு நோயாளரின் விரலைக் குத்தித் துளி இரத்தம் எடுக்காமலே சர்க்கரையின் அளவை அறியும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடந்துவந்தும் முழுமையாகக் கைகூடாமைக்கு, இரத்தத்தில் குளுக்கோஸ் மிகச் சொற்பமாக இருப்பதே தலையாய காரணமாகும். நோயில்லாதவருக்கு வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 90 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைத் தோலில் செலுத்தி, அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடுவது ஒரு முறை. ஆனால் அதே ஒளியைத் தோலிலுள்ள நீரும் கொழுப்பும் புரதமும் பன்மடங்கு உறிஞ்சுவதால், உடற்சூடு சற்று மாறினாலும் கருவி சற்று அழுந்தினாலும் கணக்குப் பிசகிவிடுகிறது.

இதனினும் நம்பிக்கை தருவது, திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த ராமன் விளைவைப் பயன்படுத்தும் முறையாகும். ஒரே நிற ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறு பகுதி அப்பொருளுக்கே உரிய அளவில் நிறம் மாறி வெளிப்படுவதால், குளுக்கோஸின் அடையாளத்தைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய வழி பிறக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பன்றியின் தோலில் அவ்வடையாளத்தை நேரடியாகக் கண்டு 2020இல் வெளியிட்டனர். எனினும் அச்சிதறல் மிக மங்கலாதலின், அதை அன்றாடப் பயன்பாட்டுக்குரிய சிறு கருவியாக்குவது எளிதன்று.

ஒளியை விடுத்து வேறு வழி சென்றோரும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலை 2001இல் பெற்ற குளுக்கோவாட்ச் என்னும் கைக்கடிகாரம், மெல்லிய மின்னோட்டத்தால் திசுநீரை, அதாவது செல்களுக்கிடையே உள்ள நீர்மத்தை, தோல் வழியே ஈர்த்து அளந்தது. ஆனால் அது தோலில் எரிச்சலை உண்டாக்கியதோடு, வியர்த்தால் அளவீட்டைத் தவறவிட்டது. அதன் அளவீட்டைச் சரிசெய்ய மீண்டும் விரலையே குத்த வேண்டியிருந்தது என்பது விந்தை. சந்தையில் அது நிலைக்கவில்லை. கண்ணீரில் சர்க்கரையை அளக்கும் கான்டாக்ட் லென்ஸ் திட்டத்தைக் கூகுள் 2014இல் அறிவித்தது. கண்ணீரிலுள்ள சர்க்கரையின் அளவும் இரத்தத்திலுள்ள அளவும் போதுமானபடி ஒத்துப்போகாமையால் அது 2018இல் நிறுத்தப்பட்டது.

இன்று கையில் ஒட்டப்படும் சென்சார்கள் விரல்குத்தலைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் அவற்றிலும் தோலுக்குள் சில மில்லிமீட்டர் நுழையும் மெல்லிய இழை உண்டு. அதுவும் திசுநீரையே அளப்பதால், சர்க்கரை விரைந்து ஏறி இறங்கும் வேளைகளில் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும்.

இத்தகைய சென்சார் அனுப்பும் எண்ணைத் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, தோலைத் துளைக்காமல் தானே அளப்பதாகக் கூறி விற்கப்படும் கடிகாரம் வேறு. பின்னதான ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினை மிகுதியாகப் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் ஆதலால், அத்தகைய கருவி காட்டும் எண்ணைக் கொண்டு மருந்தின் அளவை ஒருபோதும் மாற்றலாகாது.