எரிமலையின் அடிச்சரிவில் நிகழும் வெடிப்புகள்

எரிமலை என்றவுடன் கூம்பிய சிகரமும் அதன் உச்சியில் வாய்திறந்து கிடக்கும் குழியுமே எண்ணத்தில் எழுகின்றன. அபாயமும் அவ்வுச்சியிலேயே உறைகின்றதென்றும், அதனின்று சேய்மையிற் குடியிருப்போர்க்குத் தீங்கில்லையென்றும் கருதுவது இயல்பு. எல்லா எரிமலைகளுக்கும் இக்கருத்துப் பொருந்தாது.

பசிபிக் சமுத்திரத்திலே, இன்று வனுவாட்டு என வழங்கும் நாட்டைச் சேர்ந்த அம்பிரிம் தீவு இதற்குத் தக்க சான்றாகும். தீவு முழுவதுமே ஓர் எரிமலை. அதன் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் அகலமுள்ள பெருங்குழிவு ஒன்றுளது. மாரும், பென்போ என்னும் வாய்கள் அதனுள் அமைந்தன. சாம்பல் மூடிய அந்நடுப்பகுதியை விடுத்து, மக்கள் தாழ்சரிவுகளிலும் கரையோரத்திலுமே ஊரமைத்து வாழ்கின்றனர். 1913ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மலையின் மேற்குச் சரிவு பிளந்தது. பிளவுகளினின்று புறப்பட்ட எரிகுழம்பு கடலை நோக்கி ஓடியது. ஓடிவரும் குழம்பைக் கண்டு ஒதுங்குதல் பெரும்பாலும் இயலும். காலடி நிலமே வெடிப்பின் ஒதுங்குவது எங்ஙனம்? மேற்குக் கரையில் டிப் முனையிலே கிறித்தவ மிஷன் வைத்தியசாலை ஒன்று இருந்தது. உச்சியினின்று அத்துணைத் தொலைவிலிருந்த அவ்விடத்தில் வெடிப்பு நிகழ, வைத்தியசாலை அழிந்தது. நோயாளர் படகுகளில் ஏற்றப்பட்டமையாற் பிழைத்தனர்.

இதற்குக் காரணம் யாதெனின், உருகிய பாறைக்குழம்பு எப்பொழுதும் நேரே மேலெழுவதில்லை. மலையின் உட்பகுதியைப் பிளந்து, நிமிர்ந்த சுவர்போலப் பக்கவாட்டிற் பல கிலோமீற்றர் செல்வதுமுண்டு. அம்பிரிமின் குழம்பு இளகிய இயல்பினது. உயர்ந்த, வறண்ட சரிவில் வெளிப்படின் அஃது ஊற்றெனப் பீறிட்டு ஓடும். கரையருகே நிலத்தடி நீரையோ கடல்நீரையோ சந்திப்பின் நிலைமை வேறு. சாதாரண வளியமுக்கத்தில் நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்காகின்றது. நிலத்துள் அடைபட்ட ஆவி அங்ஙனம் விரிய முயலும்போது பாறை தகர்ந்து துகளாகின்றது. மேலே சாதுவாயிருந்த குழம்பே கீழே கொடியதாகும் விந்தை இதுவே.

இத்தகைய வெடிப்பின் வேகம் மேனோக்கி மட்டும் செல்வதன்று. பிலிப்பைன்சில் ஏரி நடுவேயுள்ள தால் எரிமலைத்தீவில், 1911இல் நடுவாய் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1965 புரட்டாதி 28ஆம் நாள் அதிகாலையில் வெடித்ததோ தென்மேற்குத் தாழ்சரிவு. நீராவியும் சாம்பலும் கலந்த முகில், வளையமாக விரிந்து நிலத்தையும் நீரையும் தடவிக்கொண்டு சூறைக்காற்றெனப் பரந்தது. ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். படகேறித் தப்ப முயன்றோரும் அவருள் அடங்குவர். 1946இல் பிக்கினியில் நீருக்கடியில் வெடிக்கவைத்த அணுகுண்டின் அடியிலும் இத்தகைய முகில்வளையம் காணப்பட்டிருந்தது. மனிதன் செய்த வெடிப்பே இயற்கையின் வெடிப்பை விளக்க உதவிற்று.

அம்பிரிமில் 2018 மார்கழியில், நெடுநாள் கொதித்துநின்ற குழம்பேரிகள் வற்றின. உச்சியை மட்டும் நோக்கியவன் மலை அடங்கியதென்றே கூறியிருப்பான். குழம்போ நிலத்தடியில் தென்கிழக்காகச் சென்றுகொண்டிருந்தது. கரையோரத்துப் பாமால் ஊரில் நிலம் பிளந்து வீடுகள் சிதைந்தன; மக்கள் இடம்பெயர்ந்தனர். முடிவில், குழம்பு கரைக்கு அப்பாற் கடலடியில் வெளிப்பட்டது; அதன் நுரைக்கற்கள் மிதந்துவந்து கரையொதுங்கின. கரைக்குச் சற்று இப்பால் அது வெளிப்பட்டிருப்பின், டிப் முனையில் நிகழ்ந்தது பாமாலிலும் நிகழ்ந்திருத்தல் கூடும்.