ஒர்க்அவுட் முடிந்ததும் வைட்டமின் மாத்திரையா? கொய்யாப்பழமே போதும்... ஏன் தெரியுமா?

ஜிம்மில் ஒரு மணி நேரம் வியர்வை சிந்திவிட்டு, கையோடு வைட்டமின் சி, வைட்டமின் இ மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கு. 'ஆன்டிஆக்சிடன்ட் உடம்புக்கு நல்லதுதானே' என்ற நினைப்புதான் காரணம். ஆனால், அதிக டோஸ் மாத்திரைகள் பயிற்சியின் பலனையே குறைத்துவிடலாம் என்கின்றன சில ஆய்வுகள்.

அப்படி என்ன நடக்கிறது?

வேகமாக ஓடும்போதும், பளு தூக்கும்போதும் தசைகளில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் மூலக்கூறுகள் அதிகம் உருவாகின்றன. உடலின் தடுப்பு சக்தியை இவை மிஞ்சும் நிலைதான் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. அளவு மீறினால் செல்களுக்கு சேதம்தான். ஆனா, இங்கதான் ட்விஸ்ட். 'வேலை கூடிடுச்சு, பலத்தை ஏத்து' என்று தசைக்குத் தகவல் சொல்வதும் இதே மூலக்கூறுகள்தான். இந்தத் தகவல் போனால்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். உடலும் தன் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்களைக் கூடுதலாகத் தயாரிக்கும்.

ஜெர்மனி ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் 4 வாரம் பயிற்சி செய்தனர். தினமும் 1,000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் எடுத்தவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் மேம்படவில்லை. மாத்திரை போடாதவர்களுக்கோ நன்றாகவே மேம்பட்டது. சர்க்கரை நோய் வராமல் இருக்கத்தான் பலரும் ஜிம்முக்கே போகிறார்கள் என்பதை யோசித்தால், இது சின்ன விஷயம் இல்லை. 2014-ல் வெளியான நார்வே ஆய்விலும் மாத்திரை எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சி மந்தமானது. ஆனால், ஓட்டத் திறன் இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் கூடியது.

அப்போ பழங்கள்?

விஷயம் அளவில்தான் இருக்கு. ஒரு ஆரஞ்சில் சுமார் 70 மி.கி. வைட்டமின் சி கிடைக்கும். 1,000 மி.கி. வேண்டுமென்றால் 14 பழம் உரிக்கணும்! ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. போதும். ஒரு கொய்யாவிலேயே அது கிடைத்துவிடும். கூடவே நார்ச்சத்து, பாலிஃபீனால்களும் சேர்ந்து வரும்.

போட்டி நேரம் மட்டும் கொஞ்சம் வேற கணக்கு. அப்போது தசை வளர்வதைவிட சீக்கிரம் தேறுவதே முக்கியம். லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு 2010-ல் வெளியானது. அதில், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் புளிப்பு செர்ரி ஜூஸ் குடித்தவர்களுக்கு தசை பலம் வேகமாகத் திரும்பியது.

சத்துக் குறைபாட்டுக்காக டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என்றால், அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.