இயந்திரம் ஓய்ந்த வேளையில்...



ஆங்கிலத்தில் 'சவுண்ட்' என்னும் சொல்லுக்கு ஒலி என்பது ஒரு பொருள். நிலத்தினுள் நீண்டு கிடக்கும் கடல்நீர்ப் பரப்பு என்பது இன்னொரு பொருள். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று சந்திக்கும் ஓரிடம் உலகின் தென்கோடியில் உண்டு. நியூசிலாந்தின் தென் தீவில், பியோட்லாந்து தேசியப் பூங்காவினுள் அமைந்த 'டவுட்புல் சவுண்ட்' என்பதே அது. மாவோரி மக்கள் அதனைப் 'பாத்தியா' என அழைப்பர். அங்கு ஓர் இரவைக் கப்பலில் கழிப்பதற்கென்றே பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அந்த இரவுப் பயணத்தில் மனத்தளவில் இணைந்துகொள்ள உங்களை அழைக்கின்றேன்.

அவ்விடத்தை அடைவது எளிதன்று. முதலில் மனபூரி ஏரியைப் படகில் கடக்க வேண்டும். பின்னர் 670 மீற்றர் உயரமான வில்மட் கணவாயைப் பேருந்தில் ஏறி இறங்க வேண்டும். நாட்டின் ஏனைய வீதிகளோடு தொடர்பில்லாத அந்தப் பாதை, ஏரியின் மறுகரையில் நிலத்தடி நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டபோது வெட்டப்பட்டது. மின்னுற்பத்திக்காக ஏரியின் நீர்மட்டத்தை 30 மீற்றர் வரை உயர்த்தவும் அன்று திட்டமிருந்தது. அதனை எதிர்த்து 1970இல் 264,907 பேர் கையொப்பமிட்டனர். அது அந்நாட்டு மக்களில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. 1972இல் பதவியேற்ற புதிய அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஏரியின் கரைகள் இன்றும் காடாகவே இருக்கின்றன.

கணவாயைத் தாண்டி டீப் கோவ் துறையில் கப்பலேறியதும், இருபுறமும் மலைகள் செங்குத்தாக எழுவதைக் காண்பீர்கள். பண்டைய பனிக்கட்டியாறுகள் பாறையைக் குடைந்து சென்ற பள்ளத்தில், பனி உருகிய பின் கடல் புகுந்தது. இவ்வாறு உருவான நீர்ப்பரப்பையே நுழைகழி என்கின்றோம். ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளமுடைய இதன் ஆழம் சில இடங்களில் 400 மீற்றரையும் தாண்டும்.

1770ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கப்டன் ஜேம்ஸ் குக் இதன் வாயிலை வந்தடைந்தார். உள்ளே சென்றால் மீண்டும் வெளியேறக் காற்று உதவுமா என்ற ஐயத்தால், நுழையாமலே கடந்து சென்றார். 'ஐயத்திற்குரிய துறைமுகம்' என்று அவர் இட்ட பெயரே இன்றைய பெயராயிற்று. 1793இல் மலஸ்பினாவின் தலைமையில் வந்த ஸ்பானியக் கடலோடிகள் படகொன்றில் உள்ளே சென்று வரைபடம் வரைந்தனர். அதனால் நியூசிலாந்தின் அந்த மூலையில் இன்றும் ஸ்பானியப் பெயர்கள் வழங்குகின்றன.

மலைச்சரிவுகளை உற்று நோக்குங்கள். வெறும் பாறையின்மேல் மண்ணே இல்லாத இடத்திலும் காடு வளர்ந்திருக்கின்றது. பாசியும் பன்னங்களும் படர்ந்த மெல்லிய படலத்தில், மரங்கள் தம் வேர்களை ஒன்றோடொன்று பின்னியே நிலைத்து நிற்கின்றன. கடுமழையில் ஒரு மரம் பிடி தளர்ந்தால் அருகிலுள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு முழுச் சரிவும் நீரில் வீழும். அவ்வாறு உரிந்த பாறையின்மேல் மீண்டும் பாசி படர்ந்து, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது.

இங்கு ஆண்டுதோறும் பல மீற்றர் மழை பொழிகின்றது. காட்டின் இலைச்சருகுகளூடாக வடியும் மழைநீர் தேநீரின் நிறம் பெற்று, உப்புநீரின்மேல் தனிப் படையாகத் தங்குகின்றது. அது சூரிய ஒளியை மறைப்பதால் கீழே கடல் இருண்டு கிடக்கின்றது. ஏனைய இடங்களில் ஆழ்கடலில் வாழும் கரும்பவளம், இங்கு மேற்பரப்பிலிருந்து பத்து மீற்றர் அளவிலேயே வளர்கின்றது. பெயர்தான் கரும்பவளம், உயிரோடிருக்கையில் அது வெண்ணிறமாகவே தோன்றும்.

மாலையில் கப்பல் திறந்த கடலின் வாயிலை அணுகும். அங்கு பாறைத் திட்டுகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களால் ஏறக்குறைய அழிந்துபோன இனம் அது. தலையில் மஞ்சள் கொண்டையுடைய பியோட்லாந்துப் பென்குவினையும் பருவகாலத்தில் காணலாம். பின்னர் அமைதியான குடாவொன்றில் நங்கூரமிடுவர். விருப்பமுள்ளோர் சிறு தோணிகளில் கரையோரமாகத் துடுப்பு வலிப்பர். அங்கு மணல் ஈக்களின் கடியைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்! இருள் சூழ்ந்தால் எத்திசையிலும் ஒரு வீட்டின் விளக்கும் தெரியாது.

மறுநாட் காலையில் கப்பல் மலைகள் நெருங்கிய ஒரு கிளைக்குள் செல்லும். அங்கு கப்பற்றலைவர் இயந்திரத்தை நிறுத்துவார். மின்பிறப்பாக்கியும் ஓயும். பேசவோ நடமாடவோ, ஒளிப்படம் எடுக்கவோ வேண்டாமெனப் பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுவர். முதலில் ஒன்றும் கேட்பதில்லை. பின்னர் தொலைவில் அருவி கேட்கும். ஒரு பறவை கேட்கும். அவை அதுவரையும் ஒலித்துக்கொண்டேயிருந்தன. நமது இரைச்சல்தான் மறைத்திருந்தது. ஓரேபு மலையில் எலியா ஆண்டவரைக் கண்டுகொண்டது பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ அன்று என்பது இங்கு நம் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்த அமைதி நமக்கு மட்டும் உரியதன்று. இந்நுழைகழியில் ஏறக்குறைய அறுபது டொல்பின்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. உலகின் தென்கோடியில் இவ்வாறு நிலையாக வாழும் குப்பிமூக்கு டொல்பின் கூட்டங்களுள் இதுவும் ஒன்று. இருண்ட நீரில் அவை ஒலியாலேயே இரை தேடுகின்றன. ஒலியாலேயே ஒன்றையொன்று அறிகின்றன. 2002க்குப் பிந்திய ஆண்டுகளில் பிறந்த குட்டிகளுள் பல முதலாண்டையே கடக்கவில்லை என ஆய்வாளர் கண்டனர். மின்நிலையத்திலிருந்து வந்து சேரும் குளிர்ந்த நன்னீரும், அவற்றைக் காண விரும்பி வரும் படகுகளும் காரணமாகலாம் என ஐயுற்றனர். ஆகவே 2008இல் படகு நடத்துவோரும் அரச திணைக்களமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கரையோரத்தின் சில பகுதிகள் டொல்பின்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றைத் தேடிச் செல்வதில்லை, தாமாக வந்தால் காண்போம் என்பதே அதன் சாரம்.

சிந்தித்துப் பாருங்கள். அப்படகுகளில் வந்தோர் எவரும் டொல்பின்களை வெறுத்தவரல்லர். அவற்றை மிகவும் விரும்பியவர்களே அருகில் செல்லத் துடித்தனர். அந்த விருப்பமே அவற்றுக்குச் சுமையாயிற்று. நம் இல்லங்களிலும் இது நிகழ்வதுண்டன்றோ? பிள்ளைகள்மீது கொண்ட அன்பினால் ஓயாது அறிவுரை கூறுகின்றோம். நோயுற்றோரின் படுக்கையருகே ஆறுதல் என எண்ணி இடைவிடாது பேசுகின்றோம். அவர்கள் சொல்ல வந்தது மட்டும் நம் காதில் விழுவதில்லை.

அன்புக்கு அருகாமை தேவை. சில வேளைகளில் இடைவெளியும் தேவை. கடற்பயணம் செய்யும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாது போகலாம். ஆயினும் இன்றிரவு உங்கள் இல்லத்தில் வானொலியையும் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் சற்று ஓய விடுங்கள். அருகில் இருப்பவர் நெடுநாளாக மெல்லிய குரலில் கூறிவருவது என்னவென்று செவிமடுங்கள்.