பழைய ஜீப்பின் பிரேக்: கோளாறைப் பெடலே சொல்லும்

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். மலையில் விளையும் சாமையும் புளியும் பலாவும் கீழே இறங்க வேண்டும். உரமும் விதையும் மேலே ஏற வேண்டும். இந்த மாதிரி மேடு பள்ளத்துக்குப் பழைய ஜீப் நல்ல துணை. ஏற்றத்தில் அது நின்றுபோனால் அரை நாள் வேலை கெடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் ஆளே மிஞ்சுவது கடினம்.

பிரேக் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பல நாட்களுக்கு முன்பே காலடியில் உள்ள பெடல் குறி காட்டத் தொடங்கிவிடும். அதைக் கவனிக்காமல் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓட்டுவதுதான் ஆபத்தில் கொண்டு விடுகிறது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

இந்தியாவில் 1940-களின் இறுதியிலிருந்து வில்லிஸ் ஜீப்புகளும், பிறகு மகிந்திரா ஜீப்புகளும் ஓடி வருகின்றன. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே போய், ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரை விரித்து, பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்துகிறது.

மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். இதை மறக்கக் கூடாது.

ஐந்து சோதனைகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. பத்து நிமிடம் போதும்.

1. பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பிஸ்டன் தடுக்கும் முன் சுமார் அரை அங்குலம் (12 மி.மீ.) வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ள வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வரும் சிறு துளை மூடியே கிடக்கும். ஷூ டிரம்மை விட்டு விலகாது. ஓட ஓட டிரம் சூடேறும்.

2. ஒரு முறை நன்றாக மிதியுங்கள். பெடல் தகட்டின் அருகே வரை இறங்கி, இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று பொருள். லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது ஷூவை அட்ஜஸ்ட் செய்து நாளாகியிருக்கும்.

3. மிதிக்கும்போது பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பம்பு செட்டில் காற்று பிடித்தால் தண்ணீர் ஏறாதது போலத்தான் இதுவும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது.

4. பெடலை அழுத்திப் பிடித்தபடி நிதானமாக அறுபது வரை எண்ணுங்கள். பெடல் சிறிது சிறிதாகக் கீழே போனால் உடனே மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்துகொண்டே வந்தால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. மட்டம் குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளேயே நழுவுகிறது. இரண்டாவதில் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஏமாந்து போவது இதில்தான்.

5. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். ரப்பர் ஓஸ் உள்ளே அடைத்திருக்கலாம்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங்கைப் பாருங்கள். அதில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கும். அல்லது அது வழவழத்துப் போயிருக்கும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க

சக்கரத்தின் உட்புறம், ஓஸின் இரு முனைகள், குழாய் சட்டத்தில் உரசும் இடங்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் மூடி ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்ற சந்தேகம் வரும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். சாதாரணப் பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். கியர் ஆயில் மேலே மிதக்கும்.

செய்யக் கூடாதவை

பிரேக் ஆயில் கிடைக்கவில்லை என்று என்ஜின் ஆயிலோ டீசலோ ஊற்றக் கூடாது. ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிப்போய் முழு அமைப்பையும் மாற்ற வேண்டி வரும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும் தவறு. பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

காற்று எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெல்ல மிதிக்கும்போது மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். பெடலை விடுமுன் மூடிவிட வேண்டும். குமிழி நிற்கும் வரை இப்படிச் செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். இடையில் மாஸ்டர் சிலிண்டர் வற்றக் கூடாது. பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

ஷூ அட்ஜஸ்ட் செய்வதும் காற்று எடுப்பதும் பழகியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கப், ஓஸ், குழாய் மாற்றுவதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இறக்கத்தில் கவனம்

எல்லாம் சரியாக இருந்தும் நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று இறங்கிப்போவது உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பிரேக் பிடிக்காது. ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயிலை முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்குவது மலைச் சாலையில் நல்ல பழக்கம். நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் கூடாது. டீசல் மிச்சம் பார்க்கும் இடம் அதுவல்ல.

பிரேக் போய்விட்டால் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச் சுவர்ப் பக்கமாக வண்டியை ஒதுக்க வேண்டும். பழைய ஜீப்பில் கை பிரேக் ஆயிலை நம்பி வேலை செய்வதில்லை. அதனால் அதையும் எப்போதும் சரியாக வைத்திருப்பது அவசியம்.

மூட்டை ஏற்றிய பிறகு ஒரு முறை, இறக்கம் தொடங்கும் முன் ஒரு முறை, பெடலை அழுத்திப் பாருங்கள். நேற்று நின்ற உயரத்தில் இன்று நிற்கவில்லை என்றால் காரணம் தெரியும் வரை வண்டியை எடுக்காதீர்கள். சுமை ஒரு நாள் தாமதமாக இறங்கினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.